மாணவர் மியூசிக் வீடியோவுக்கு மார்க் போடறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

மியூசிக் வீடியோ ப்ராஜெக்ட் கொடுக்கற ஆசிரியர்களுக்கும், அதுக்குப் பாடத்திட்டம் எழுதறவங்களுக்கும், லேப்புக்கு என்ன வாங்கலாம்னு முடிவு பண்ற நிர்வாகத்துக்கும்,

வணக்கம்.

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். மாணவர்கள் கொண்டு வந்து கொடுக்கற அந்த 3 நிமிஷ ஃபைலுக்கு மட்டும் மார்க் போடறத தயவுசெஞ்சு நிறுத்துங்க. மார்க்ல பாதியையாவது கேமராவ ஆன் பண்றதுக்கு முன்னாடி நடக்கற வேலைக்கு ஒதுக்குங்க, அதுக்கு டைம்டேபிள்லயும் இடம் கொடுங்க. நான் எடிட்டிங் வேலை பாக்கறவன், பசங்க ஷூட்டிங் முடிச்சதுக்கு அப்புறம் ஹார்ட் டிஸ்க்க எடுத்துட்டு வந்து "அண்ணா எப்படியாச்சும் சேத்துக் கொடுங்க, நாளைக்கு சப்மிஷன்"னு நிப்பாங்க, திறந்து பாத்தா அழகழகா ஷாட் இருக்கும், ஆனா ரெண்டாவது சரணத்துக்கு ஒண்ணுகூட இருக்காது, பல்லவிக்கு மட்டும் இருபது விதமா எடுத்து வச்சிருப்பாங்க. இத சோம்பேறித்தனம்னு நான் சொல்ல மாட்டேன். ப்ராஜெக்ட் ஷீட்ல "ஷூட்டிங், எடிட்டிங், சப்மிஷன்"னு மட்டும் போட்டிருந்தா புள்ளைங்க அதத்தான செய்யும்.

குறும்படத்துல எவ்ளோ நீளம்ங்கறது எடிட் டேபிள்லதான் முடிவாகும். மியூசிக் வீடியோ அப்படி இல்ல, பாட்டு முடிவானப்பவே நீளமும் முடிவாயிடுச்சு, அதனால இத பேப்பர்லயே கணக்கு போட்டுப் பாத்துடலாம். 120 பிபிஎம்ல, அதாவது நிமிஷத்துக்கு 120 பீட் வேகத்துல, ஒரு பாட்டுன்னு வைங்க, ஒரு பீட் அரை செகண்ட், 4 பீட் சேந்த ஒரு பார் 2 செகண்ட். 3 நிமிஷப் பாட்டுல 90 பார். ஒரு பாருக்கு ஒரு ஷாட்னு பசங்க ஆசைப்பட்டா 90 ஷாட், ஒவ்வொண்ணுக்கும் கேமராவ வச்சு லைட்ட சரி பண்ணி எடுக்க 10 நிமிஷம்னாலும் 15 மணி நேரம் ஆகும். இந்தக் கணக்க ஒரு ஸ்ப்ரெட்ஷீட்ல போட்டுப் பாத்தாலே போதும், "ஒரே நாள்ல எடுத்துடலாம் சார்"ங்கற பேச்சு அங்கயே நின்னுடும், எந்த ஷாட்ட ஒரே இடத்துல வச்சு சேத்து எடுக்கலாம்னு அவங்களே யோசிக்க ஆரம்பிச்சுடுவாங்க. தயாரிப்புத் திட்டம்னு நாம பெருசா சொல்றதோட ஆரம்பமே இதுதான், இதுக்கு லேப்புல இருக்கற பழைய கம்ப்யூட்டரே தாராளம்.

அந்த ஸ்ப்ரெட்ஷீட் எப்படி இருக்கணும்னா, முதல் நெடுவரிசைல நேரம், 0:00, 0:16, 0:32 இப்படி, பக்கத்துல பாட்டோட எந்தப் பகுதி, என்ன வரி, யாரு பாடறாங்க, என்ன தெரியணும், எங்க எடுக்கப் போறோம், யாரு வரணும், என்ன பொருள் வேணும். பாட்ட ஆடாசிட்டிங்கற ஒலி எடிட்டிங் சாஃப்ட்வேர்ல போட்டு ஒவ்வொரு பகுதி தொடங்கற இடத்துலயும் ஒரு லேபிள் போட்டா நேரம் துல்லியமா கிடைச்சுடும், அது இலவசம்தான். அப்புறம் இதே ஷீட்ட இடம் வாரியா அடுக்கினா ஷூட்டிங் வரிசை வந்துடும், நேரம் வாரியா அடுக்கினா எடிட்டிங் வரிசை வந்துடும். ஒரே தகவல ரெண்டு விதமா அடுக்கறதுக்கு கம்ப்யூட்டர விட நல்ல சாமான் வேற இல்ல, ஆனா மீடியா லேப்புல ஸ்ப்ரெட்ஷீட்ட யாரும் சொல்லித் தர்றதா தெரியல, அது கணக்குப் புள்ளைங்க சமாச்சாரம்னு விட்டுடறாங்க.

அடுத்தது அனிமேட்டிக், அதாவது ஷூட்டிங்குக்கு முன்னாடியே வரைஞ்ச படங்கள பாட்டோட ஓட்டிப் பாக்கற மாதிரி வீடியோ. நான் ரொம்ப கெஞ்சிக் கேக்கறது இதுக்குத்தான். படம் வரையத் தெரியணும்னே இல்லீங்க, குச்சி மனுஷன் போதும். ஒரு ஷாட்டுக்கு ஒரு கட்டம் பேப்பர்ல வரைஞ்சு, ஃபோன்ல ஃபோட்டோ எடுத்து, எந்த எடிட்டிங் ஆப்னாலும் சரி, டைம்லைன்ல பாட்டு மேல வரிசையா அடுக்கிட்டு ஓட விடணும். டாவின்சி ரிசால்வோட இலவசப் பதிப்பு போதும், கேடென்லைவும் போதும், 3டி அனிமேஷன் பண்ற பிளெண்டர்ல கூட வீடியோ எடிட்டர் இருக்கு. ஓட விட்ட உடனே என்ன தெரியும்னா, ஒரே குச்சிப் படம் 20 செகண்டுக்கு அசையாம நிக்கறது தெரியும், கதைய முதல் சரணத்துலயே சொல்லி முடிச்சுட்டோம்னு தெரியும், பாட்டு உச்சத்துக்குப் போற இடத்துல நம்ம கிட்ட பெருசா எதுவுமே இல்லைனு தெரியும். எடிட் டேபிள்ல எனக்குத் தெரியற அதே ஓட்டைங்கதான், ஆனா அப்ப திரும்ப எடுக்க யாரும் வர மாட்டாங்க, நடிச்ச புள்ள முடிய வேற வெட்டியிருக்கும். அனிமேட்டிக்ல தெரிஞ்சா இன்னொரு பேப்பர் எடுத்து வரைஞ்சா முடிஞ்சது. இத வகுப்புல எல்லாரும் சேந்து பாத்து அடிச்சுப் பேசணும், அதுக்கு ஒரு முழு பீரியட் ஒதுக்குங்க, அனிமேட்டிக் பாஸ் ஆகாம ஷூட்டிங்குக்குப் போகக் கூடாதுனு ஒரு விதியும் வைங்க.

ஷூட்டிங் நாள் பத்தியும் கொஞ்சம் சொல்லணும். வாயசைப்பு சரியா உக்காரணும்னா பாட்ட ஸ்பீக்கர்ல சத்தமா ஓட விட்டு, ஒவ்வொரு டேக்கையும் ஒரு கைதட்டோட ஆரம்பிச்சு, கேமரா மைக்லயும் அந்தப் பாட்டு பதிவாகற மாதிரி பாத்துக்கணும். அந்தச் சத்தம் ஃபைனல்ல வராது, ஆனா அதோட அலைவடிவத்த ஒரிஜினல் பாட்டோட அலைவடிவத்துக்கு நேரா வச்சா படம் தானா வந்து உக்காந்துடும், இத சாஃப்ட்வேரே செஞ்சு கொடுத்துடும். லாங் ஷாட்ல மட்டும் ஒரு சின்ன சிக்கல் இருக்கு, சத்தம் செகண்டுக்கு சுமார் 343 மீட்டர்தான் போகும், அதனால ஸ்பீக்கர் பாடறவங்க பக்கத்துலயும் கேமரா 11 மீட்டர் தள்ளியும் இருந்தா மைக்குக்குப் பாட்டு கிட்டத்தட்ட ஒரு ஃப்ரேம் லேட்டாத்தான் வந்து சேரும், செகண்டுக்கு 30 ஃப்ரேம், அதாவது 30 படம்ங்கற கணக்குல சொல்றேன். அங்க மட்டும் உதட்டப் பாத்து ஒரு ஃப்ரேம் நகத்தணும். இயற்பியல் வாத்தியார ஒரு நாள் இந்த வகுப்புக்குக் கூப்புடுங்க, புள்ளைங்க வாழ்க்கை முழுக்க மறக்க மாட்டாங்க!

ஸ்லோ மோஷனும் அப்படித்தான். ஆள் மெதுவா நடக்கணும், ஆனா உதடு மட்டும் பாட்டோட சரியா ஓடணும்னு பசங்க கேப்பாங்க, பெரிய மந்திரம்னு நினைச்சுப்பாங்க. பாட்ட ரெண்டு மடங்கு வேகத்துல ஓட விட்டு, அந்த வேகத்துக்கே வாயசைக்கச் சொல்லி, 60 ஃப்ரேம்ல எடுத்து, 30 ஃப்ரேம் டைம்லைன்ல பாதி வேகத்துக்கு இறக்கினா உதடு ஒரிஜினல் பாட்டோட ஒட்டிக்கும், முடியும் துணியும் மெதுவா பறக்கும். ஆனா வேகமான பாட்டு ஃபைல முதல் நாளே ரெடி பண்ணி வைக்கணும், பாடறவங்க அந்த வேகத்துல ஒத்திகை பாக்கணும், ஷாட் லிஸ்ட்ல எந்த ஷாட்டு 60 ஃப்ரேம்னு எழுதியிருக்கணும். ஸ்பாட்ல வந்து யோசிச்சா நடக்காது.

ஃபோன்ல எடுக்கறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. நிறைய ஃபோன் வீடியோல ஃப்ரேம் ரேட் நிலையா இருக்காது, வெளிச்சத்துக்குத் தகுந்த மாதிரி ஏறி இறங்கும், அதனால சில எடிட்டர்ல பாட்டோட ஆரம்பத்துல சரியா இருக்கற உதடு முடிவுல விலகிப் போயிடும். ஹேண்ட்பிரேக்ங்கற வீடியோ மாத்தற சாஃப்ட்வேர்ல போட்டு கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட்டா, அதாவது மாறாத ஃப்ரேம் ரேட்டா, மாத்திட்டு எடிட் பண்ணா இந்தத் தொல்லை இல்ல. எக்ஸ்போஷரையும் (படத்தோட வெளிச்ச அளவு) ஃபோகஸையும் லாக் பண்ணச் சொல்லுங்க. அப்புறம் க்ளிப்ப வாட்ஸ்அப்ல வீடியோவா அனுப்பினா அது அமுக்கி அனுப்பிடும், டாக்குமென்ட்டா அனுப்பணும், இல்லன்னா கேபிள்ல ஏத்தணும். எடுத்த அன்னிக்கே ரெண்டு இடத்துல காப்பி வச்சுட்டுத்தான் ஃபோன்ல டெலீட் பண்ணணும்னு ஷீட்லயே அச்சடிச்சுக் கொடுத்துடுங்க, வாய்ல சொன்னா யாரும் கேக்கறதில்ல.

தரத்தப் பத்தி நிர்வாகத்துக்கு ஒரு வார்த்தை. 4கேல எடுத்துக் கொடுத்தாத்தான் நல்ல மார்க்னு ஒரு எண்ணம் பரவியிருக்கு, தயவுசெஞ்சு அத உடைங்க. ஐஃபோன் செட்டிங்ஸ்லயே போட்டிருக்கும், ஹை எஃபிஷியன்சிங்கற இடம் மிச்சம் பண்ற முறைல 1080பி (சாதாரண ஹெச்டி) 30 ஃப்ரேம்னா நிமிஷத்துக்கு சுமார் 60 எம்பி, 4கே 30 ஃப்ரேம்னா சுமார் 170 எம்பி. கிட்டத்தட்ட மூணு மடங்கு இடம், அத எடிட் பண்ண அதுக்கேத்த கம்ப்யூட்டர். நல்ல ஃபோன் வச்சிருக்கற வீட்டுப் புள்ள ஜெயிக்கறதுக்கு நாம ஏன் மார்க் கொடுக்கணும்? எல்லாருக்கும் 1080பினு ஒரே விதி போடுங்க. புதுசா கேமரா வாங்க வச்சிருக்கற காசுல ஹார்ட் டிஸ்க்கும் ரெண்டு மூணு லைட்டும் ஒரு நல்ல ஸ்பீக்கரும் வாங்குங்க, குழுக்கள் மாத்தி மாத்தி எடுத்துட்டுப் போகட்டும்.

குழு வேலைல நடக்கற அநியாயம் ஒண்ணு இருக்கு. யாருகிட்ட லேப்டாப் இருக்கோ அந்தப் புள்ள ராத்திரி முழுக்க உக்காந்து தனியா எடிட் பண்ணும், மத்தவங்க பேரும் சேந்து டைட்டில்ல வரும். இத டிஜிட்டலாவே சரி பண்ணலாம். எடுத்த ஃபுட்டேஜ மொத்தக் குழுவுக்கும் பொதுவா வச்சு, பல்லவியோட அதே 30 செகண்ட ஒவ்வொருத்தரையும் லேப் நேரத்துலயே தனித்தனியா வெட்டச் சொல்லுங்க, அப்புறம் எல்லாத்தையும் வரிசையா ஓட விட்டுப் பாருங்க. அதே ஷாட், அதே பாட்டு, அஞ்சு பேர் வெட்டினா அஞ்சு உணர்ச்சி வரும், ஒருத்தன் பீட்டு மேலயே வெட்டியிருப்பான், இன்னொருத்தி பீட்டுக்கு ஒரு துளி முன்னாடி வெட்டியிருப்பா, அது ஏன் நல்லா இருக்குனு வகுப்பே பேசும். எடிட்டிங்னா என்னனு சொல்லிக் கொடுக்க இத விட நல்ல பயிற்சிய நான் பாத்ததில்ல. ஸ்ப்ரெட்ஷீட்ட ஆன்லைன்ல பகிர்ந்து வச்சா அதோட வெர்ஷன் ஹிஸ்டரியே யாரு எப்ப என்ன மாத்தினாங்கன்னு காட்டிடும், மார்க் பிரிக்கும்போது சண்டை வராது.

பாட்டு யாரோடதுங்கறதையும் முதல் வாரமே தீத்துடுங்க. ஒரு பாட்டுல ரெண்டு உரிமை தனித்தனியா இருக்கு, வரியும் மெட்டும் ஒண்ணு, பதிவு செஞ்ச ஒலி இன்னொண்ணு, அத படத்தோட சேத்து வெளியிட ரெண்டுக்கும் அனுமதி வேணும். வகுப்புக்குள்ள போட்டுக் காட்டறதுல பெருசா பிரச்சனை வராம போகலாம், யூடியூப்ல ஏத்தினா அவங்களோட கன்டென்ட் ஐடிங்கற தானியங்கி பாட்டுத் தேடல் கண்டுபிடிச்சுடும், அது 2007ல இருந்து இருக்கு. கிரியேட்டிவ் காமன்ஸ் பாட்டுதான (படைச்சவங்களே பொது உரிமம் கொடுத்த பாட்டு), எது வேணா எடுக்கலாம்னும் நினைக்கக் கூடாது, "நோ டெரிவேட்டிவ்ஸ்"னு, அதாவது தழுவக் கூடாதுனு, போட்டிருந்தா அத வீடியோக்குப் பயன்படுத்தி வெளியிட முடியாது, ஏன்னா அசையற படத்தோட பாட்ட ஒத்திசைக்கறதே தழுவல்தான்னு அந்த உரிமமே சொல்லுது. என்னக் கேட்டா அதே கல்லூரில பாடற, வாசிக்கற புள்ளைங்க பாட்ட எடுத்துக்கறதுதான் சிறப்பு, அனுமதி ஒரு தாள்ல முடிஞ்சுடும், அவங்களுக்கும் ஒரு வீடியோ கிடைக்கும். நடிக்கறவங்க கிட்டயும் எழுத்துல சம்மதம் வாங்குங்க, 18 வயசுக்குக் கீழன்னா பெத்தவங்க கையெழுத்து.

பளிச் பளிச்னு வெட்டற எஃபெக்ட் பசங்களுக்கு ரொம்பப் பிடிக்கும், அதுக்கு மட்டும் ஒரு கடுமையான விதி வைங்க, ஒரு செகண்டுல 3 தடவைக்கு மேல பளிச்சிடக் கூடாது. 1997 டிசம்பர்ல ஜப்பான்ல ஒரு கார்ட்டூன்ல வந்த சிவப்பு நீல வெளிச்சத்தப் பாத்து நூத்துக்கணக்கான குழந்தைங்க ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. வலிப்பு வரக்கூடிய ஒருத்தர் நம்ம வகுப்புலயே இருக்கலாம்.

ஆசிரியர்களுக்கு வேலைப்பளு எவ்ளோனு தெரியும், 3 நிமிஷ வீடியோ பாத்து மார்க் போடறது சுலபம், ஷீட்டும் அனிமேட்டிக்கும் பாத்து மார்க் போட நேரம் ஆகும்தான். ஆனா அனிமேட்டிக்கும் அதே 3 நிமிஷம்தான் ஓடும், ஷீட்டுல ரெண்டாவது சரணம் காலியா இருக்கறது ஒரு பார்வைலயே தெரிஞ்சுடும். அதனால அடுத்த ப்ராஜெக்ட் ஷீட் அச்சடிக்கறதுக்கு முன்னாடி தேதிய நாலா பிரிங்க: பாட்டும் அனுமதியும் ஒரு தேதி, ஷாட் ஸ்ப்ரெட்ஷீட் ஒரு தேதி, அனிமேட்டிக் ஒரு தேதி, வீடியோ கடைசித் தேதி. முதல் மூணுக்கும் சேத்து 50 மார்க், வீடியோவுக்கு 50.

இப்படிக்கு,
உங்க மாணவர்களோட ஃபுட்டேஜ கடைசி ராத்திரில திறந்து பாக்கற ஒரு எடிட்டர்