குயின் மேரி ஏன் நிற்கவில்லை

அன்பு மகளுக்கு,

கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில், இப்போது விடுதியாக நிற்கும் குயின் மேரி கப்பலில் ஓர் இரவு தங்கியதாக எழுதியிருந்தாய். நீச்சல் குளத்தின் படத்தை உன் அம்மா திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். இரண்டாம் உலகப் போரில் படைவீரர்களை ஏற்றிச் செல்ல அந்தக் குளத்தை வற்றவைத்து, உள்ளே அடுக்குக் கட்டில் போட்டிருந்தார்கள் என்றேன். நம்பவில்லை.

ஏறக்குறைய இரண்டாயிரம் பயணிகளுக்காகக் கட்டிய கப்பல் அது. 1943 ஜூலையில், ஒரே பயணத்தில், 16,683 பேரோடு அட்லாண்டிக்கைக் கடந்தது. ஒரு கட்டிலில் முறை வைத்துத் தூங்கினார்கள். சாப்பாடு இரண்டே வேளை. கப்பலை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொருவர் சட்டையிலும் நிற வில்லை குத்திவிட்டார்கள். சிவப்பு வில்லைக்காரன் நீலப் பகுதியில் கால் வைக்கக் கூடாது. கெடுபிடி போலத் தெரியும். அத்தனை பேரும் வேடிக்கை பார்க்க ஒரே பக்கம் ஓடினால் என்ன ஆகும் என்று இன்ஜின் அறையில் காலம் தள்ளிய என்னைக் கேள்.

உன் கேள்விக்கு வருகிறேன். வழிகாட்டி சொன்னது உண்மைதான். 1942 அக்டோபர் 2, அயர்லாந்துக்கு வடக்கே, துணைக்கு வந்த குராசோவா என்ற போர்க்கப்பலை குயின் மேரி இரண்டாகப் பிளந்தது, நிற்காமல் போனது. முந்நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். "எப்படி அப்பா மனம் வந்தது?" என்கிறாய்.

நீர்மூழ்கிகளை ஏமாற்ற குயின் மேரி நெளிந்து நெளிந்து ஓடியது. துணைக்கப்பலுக்கு அந்த வேகம் இல்லை, நேராகப் போனது. மற்றவன் விலகிக்கொள்வான் என்று இருவருமே நினைத்துவிட்டார்கள். பிற்பாடு நீதிமன்றம் மூன்றில் இரண்டு பங்குத் தவறைக் கடற்படை மேல் போட்டது.

நிற்காததற்குக் காரணம் பழையது. 1914 செப்டம்பரில் அபூகிர் என்ற பிரிட்டிஷ் கப்பல் மூழ்கியபோது, ஹோக்கும் கிரெஸ்ஸியும் ஆட்களைத் தூக்கிவிட நெருங்கி வந்தன. ஒரே நீர்மூழ்கி மூன்றையும் முடித்தது. 1,400 பேருக்கு மேல் போனார்கள். குயின் மேரியில் அன்று பத்தாயிரம் பேர் அளவில் இருந்தார்கள். நிற்கக் கூடாது என்பது கேப்டனுக்கு இடப்பட்ட உத்தரவு. மற்ற துணைக்கப்பல்களுக்கு வானொலியில் சொல்லிவிட்டுப் போனார். அவை வந்து சேரச் சில மணி நேரம் ஆனது. நூறு பேர் அளவில் பிழைத்தார்கள்.

அந்த இடத்தில் நானும் நிற்காமல்தான் போயிருப்பேன். இதை உன் அம்மாவிடம் சொல்லாதே, ஏற்கெனவே என்னைக் கல்நெஞ்சன் என்கிறாள். என்னை உறுத்துவது வேறு. கப்பலுக்குள் இருந்த பலருக்கு அது சின்னக் குலுக்கலாகத்தான் பட்டதாம். எத்தனையோ இரவுகள் அப்படியொரு குலுக்கலை உணர்ந்து, அலைதான் என்று நானும் திரும்பிப் படுத்திருக்கிறேன்.

உடைந்த அணியத்தை, அதாவது கப்பலின் முன்முனையை, முதலில் சிமெண்டால் அடைத்து, பிறகு பாஸ்டனில் சரிசெய்தார்கள். மறுபடி அந்தப் பக்கம் போனால் குளத்தை விடு, அணியத்தைக் கிட்டே போய் ஒரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா