எது உதிரிபாகம் என்று யார் முடிவு செய்வது? – மத்திய நுகர்வோர் விவகாரத் துறைச் செயலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரு ராமமூர்த்திநகரில் 22 ஆண்டுகளாக வசித்துவரும் நான் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கராக இருக்கிறேன். 7 ஆண்டுகளுக்கு முன் வாங்கிய என் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கார், 68,000 கிலோமீட்டர் ஓடியிருந்த நிலையில், ஒரு மாலை டின் ஃபேக்டரி அருகே நெரிசலில் நின்றுவிட்டது. முதல் கியரிலும் மூன்றாவதிலும் நகர்ந்தது. இரண்டாவதும் நான்காவதும் ரிவர்ஸும் விழவே இல்லை. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரை மாட்டி, எரர் கோடைப் படித்து, அரை மணி நேரத்தில் எஸ்டிமேட்டைக் கையில் கொடுத்தார்கள். வரி உட்பட புதிய கியர்பாக்ஸ் அசெம்பிளி ரூ. 3,10,000, ஆயில் ரூ. 11,400, கூலி ரூ. 19,470, ஆக மொத்தம் ரூ. 3,40,870. ஓடும் நிலையில் அந்தக் காரை விற்றால் ரூ. 4,20,000 கிடைக்கும் என்று பழைய கார் வியாபாரி ஒருவர் சொல்லியிருந்தார்.

நான் கேட்டது ஒரே கேள்விதான்: உள்ளே எந்தப் பாகம் பழுதாகியிருக்கிறது? கியர்பாக்ஸைப் பிரிக்கத் தங்களுக்கு அனுமதி இல்லை, கழற்றி மாற்ற மட்டுமே அனுமதி உண்டு என்றார் சர்வீஸ் அட்வைசர். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்குக் கொடுத்திருக்கும் பட்டியலில் அந்த கியர்பாக்ஸ் முழுவதற்கும் ஒரே ஒரு பாக எண்தான் இருந்தது.

இந்த வகை கியர்பாக்ஸில் ஒற்றைப்படை கியர்களை ஒரு கிளட்ச்சும் இரட்டைப்படை கியர்களை இன்னொரு கிளட்ச்சும் இயக்குகின்றன. என் காரில் ரிவர்ஸ் இரண்டாவது கிளட்ச்சோடு சேர்ந்தது. எனவே பாதி வேலை செய்து பாதி செய்யவில்லை என்றால், பற்சக்கரங்கள் அனைத்தும் ஒரே நாளில் தேய்ந்துபோயிருக்க முடியாது என்பது என்னைப் போன்ற கணக்கருக்கே புரிகிறது. வில்சன் கார்டனில் சிறு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "சார், பாக்ஸ் நல்லா இருக்கு, பிரஷர்தான் நிக்கல" என்றார். இரண்டாவது கிளட்ச்சை இயக்கும் எண்ணெய்க்கு அழுத்தம் கொடுக்கும் அலகில் கசிவு. அந்த அலகை நிறுவனம் தனியே விற்பதில்லை என்பதால், விபத்தில் சிக்கி உடைக்கப்பட்ட இன்னொரு காரிலிருந்து அதை அவர் தேடி எடுத்துவர 11 நாள் ஆனது. பொருத்திய பிறகு, கியர்பாக்ஸின் கணினி அந்த அலகைப் பழகிக்கொள்வதற்கான மென்பொருளை நிறுவனம் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராததால், அது வைத்திருக்கும் வேறொருவரிடம் காரைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. எல்லாம் சேர்ந்து ரூ. 62,000 ஆயிற்று. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். சர்வீஸ் சென்டரின் எஸ்டிமேட்டில் சுமைகூலி நியாயமாகவே இருந்தது. சுண்டைக்காய்க்காகத் தோட்டத்தையே கிரயம் செய்துகொள்ளச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் செய்ததற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு ரூ. 2,544.65 கோடி அபராதம் விதித்ததைத் தாங்கள் அறிவீர்கள். அபராதத்தை எதிர்த்து நிறுவனங்கள் வழக்காடியது ஒருபுறம் இருக்கட்டும். உதிரிபாகங்களும் பழுதறியும் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்க வேண்டும், உதிரிபாகங்களின் விலையை நிறுவனங்கள் தம் இணையதளத்தில் வெளியிட வேண்டும், வெளியே பழுதுபார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றெல்லாம் அந்த ஆணை சொன்னது. ஆனால் எது உதிரிபாகம் என்று வரையறுக்கும் அதிகாரம் இன்றும் நிறுவனத்திடமே இருக்கிறது. நூற்றுக்கணக்கான துண்டுகள் கொண்ட ஓர் இயந்திரத்துக்கு ஒரே எண்ணைக் கொடுத்து, அந்த எண்ணுக்கு விலையையும் போட்டுவிட்டால், உதிரிபாகத்தை விற்கிறோம், விலையையும் வெளியிட்டிருக்கிறோம் என்று அவர்கள் எந்த மன்றத்திலும் சொல்லிவிடலாம். இந்த ஓட்டையை அடைக்கும்படி கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

ஒரு பொருளை வாங்க வேண்டுமானால் இன்னொன்றையும் வாங்கியே ஆகவேண்டும் என்று நுகர்வோரைக் கட்டாயப்படுத்துவதை, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை என்கிறது. ஓர் அழுத்த அலகு வேண்டுமென்றால் இரண்டு கிளட்ச்சுகளையும் எல்லாப் பற்சக்கரங்களையும் வெளிக்கூட்டையும் சேர்த்து வாங்கு என்பது அதில் அடங்காதா என்பதை, தங்கள் துறையின் கீழ் இயங்கும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆராய வேண்டும்.

காப்பீடு இருக்கிறதே என்று யாரேனும் சொல்லக்கூடும். வழக்கமான மோட்டார் பாலிசியில் இயந்திரக் கோளாறும் தேய்மானமும் விலக்கப்பட்டவை. கூடுதல் பணம் கட்டி எடுக்கும் என்ஜின் பாதுகாப்புத் திட்டமும் பெரும்பாலும் தண்ணீர் புகுந்தாலோ அடிபட்டு ஆயில் ஒழுகினாலோதான் கைகொடுக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகங்களுக்கான ஜிஎஸ்டி 18 விழுக்காடாகக் குறைந்தது நல்லதே. ஆனால் தேவையில்லாததை வாங்க வைக்கும்போது வரி குறைந்து என்ன பயன்?

நெரிசலில் காரை ஊர்ந்து ஓட்டியதால் வந்த கோளாறு, ஓட்டும் விதத்தில்தான் தவறு என்றும் எனக்குச் சொல்லப்பட்டது. எண்ணெயில் முழுகாத உலர் கிளட்ச், அங்குலம் அங்குலமாக நகரும்போது வழுக்கிச் சூடேறுவது உண்மைதான். ஆனால் மாரத்தஹள்ளி முதல் சில்க் போர்டு வரை வேறெப்படி ஓட்டுவது? இந்த நகரத்தில் விற்கப்படும் காருக்கு இந்த நகரத்துச் சாலை முறைகேடான பயன்பாடாகிவிடுமா? (அந்த கியர்பாக்ஸின் ஆயிலை ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டாம் என்று கையேட்டில் அச்சிட்டிருக்கிறது. காரின் ஆயுளா, வாரண்டியின் ஆயுளா என்று மட்டும் அச்சிடவில்லை.)

தங்கள் துறை 2022 டிசம்பர் 24 அன்று தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளம் கார்களையும் உள்ளடக்கியது. அடுத்த படியாக, ஒரு பொருளைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று மதிப்பிடும் பழுதுபார்ப்புக் குறியீட்டுக்காக அமைத்த குழுவோ கைபேசி, மின்னணுச் சாதனங்களைப் பற்றியே 2025 மே மாதம் அறிக்கை தந்திருக்கிறது. அந்தக் குறியீடு கார்களுக்கும் வரட்டும். அதில் கியர்பாக்ஸ் தனியாக மதிப்பிடப்படட்டும். அழுத்த அலகு, கிளட்ச், சென்சார், கட்டுப்பாட்டுக் கணினி ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பாக எண்ணும் விலையும் கட்டாயமாகட்டும். முழு அசெம்பிளியையும் மாற்றச் சொல்லும் சர்வீஸ் சென்டர், உள்ளே பழுதானது எது, அதை மட்டும் மாற்றினால் ஏன் போதாது என்று ஜாப் கார்டில் எழுதித் தரட்டும். கார் வாங்கும் நாளிலேயே கியர்பாக்ஸின் விலை வாங்குபவர் கண்ணில் படட்டும். எனக்கு அது அன்றே தெரிந்திருந்தால் மேனுவல் கியர் காரோடு வீடு திரும்பியிருப்பேன்.

கடைசியாக ஒன்று. கழற்றும் பழைய கியர்பாக்ஸ் என்ன ஆகும் என்று எஸ்டிமேட்டைக் கொடுத்த நாளில் கேட்டேன். அது நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்பப்படும், உங்களுக்குத் தர இயலாது, அதற்காக விலையில் கழிவும் கிடையாது என்றார்கள். பழுதுபார்க்க முடியாத பொருளைத் திரும்பப் பெற்று நிறுவனம் என்ன செய்கிறது என்பதையும் தங்கள் துறை கேட்டுச் சொல்ல வேண்டுகிறேன். எஸ்டிமேட்டின் நகலும், கசிந்த அந்த அலகும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. தங்கள் அதிகாரிகள் கேட்டால் நேரில் கொண்டுவந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ராமமூர்த்திநகரில் வசிக்கும் ஒரு கார் உரிமையாளர்,
பெங்களூரு