தம்பிக்கு அத்தா எழுதுவது

அஸ்ஸலாமு அலைக்கும் தம்பி. அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பெருநாளுக்கும் மருமகள் மேலூரிலிருந்து வரவில்லை. ஏன் என்று கேட்க மாட்டேன். கேள்வி கேட்டால் உனக்குச் சின்ன வயதிலேயே பிடிக்காது.

பொதுவான விஷயம்தான் எழுதுகிறேன். ஒரே மூச்சில் மூன்று தலாக், வாயால் சொன்னாலும் வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் 2019 சட்டப்படி செல்லாது. 3 ஆண்டு வரை சிறை, அபராதம் வேறு. மார்க்கத்திலும் அது பித்அத், பின்னால் புகுத்திய தப்பான வழக்கம். முதலில் நம் பக்கம் ஒருவர், அவர்கள் பக்கம் ஒருவர் உட்கார்ந்து பேச வேண்டும். அதிலும் ஆகாவிட்டால், மாதவிடாய் முடிந்து சுத்தமாகி, நீ அவளைத் தொடாத காலத்தில் ஒரே ஒரு தலாக். மாதவிடாயின்போது சொன்னால் நம் ஹனஃபி முறையில் தலாக் விழுந்துவிடும், ஆனால் அந்த மாதவிடாய் கணக்கில் சேராது, அவள் காத்திருக்க வேண்டிய இத்தா நீளும். இத்தா மூன்று மாதவிடாய். உண்டாகியிருந்தால் பெற்றெடுக்கும் வரை. (நீ லீவு முடிந்து போய் இரண்டு மாதம்தான் ஆகிறது. உன் அம்மாவும் சம்பந்தியம்மாவும் போனில் பேசுகிறார்கள், நான் போனால் நிறுத்திவிடுகிறார்கள்.)

இத்தா முடியும்வரை சோறும் இருப்பிடமும் உன் கடன். அதற்குள் மீட்டுக்கொள்ளலாம். முடிந்துவிட்டால் புது நிக்காஹ், அவளுக்கு நீ கொடுக்க வேண்டிய மகரும் புதிதாக. ஆகையால் ஒன்றுக்கு மேல் சொல்லாதே. அந்த ஒன்றையும் இப்போது சொல்லாதே.

ஜமாத் கடிதம் போதும் என்று உன் ரூமில் யாராவது சொல்வான். மனைவி தலாக்கை மறுத்தால் கணவன்தான் கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்று ஐகோர்ட்டின் நம் மதுரைக் கிளையே 2024-ல் சொல்லிவிட்டது. இத்தாச் செலவோடும் தீராது. அவளுடைய பின்னாளுக்கும் சேர்த்து நியாயமானதை இத்தாவுக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2001 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. பத்தாவதில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவன் நீ, போனை எடுக்க மட்டும் தெரியவில்லை.

பஞ்சாயத்தில் தலாக்கைவிட நகைக்குத்தான் சண்டை வரும், ஜமாத்தின் நிக்காஹ் பதிவேடான தஃப்தரில் எழுதாத நகைக்கு. அடுத்தவர் வீட்டு நிக்காஹில் எல்லாம் எழுதச் சொன்ன நான், உனக்கு வாங்கிய 12 பவுன் கைக்கூலியை, அதாவது வரதட்சணையை, எழுதவிடவில்லை. மகரையும் குறைத்துப் போட வைத்தேன். தப்பு என்னுடையது தம்பி, அவளுடையது இல்லை.

நகையை லாக்கரிலிருந்து எடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மேலூர் போகிறேன். நம் பக்கத்து ஆளாக நான் உட்காரவா, பெரியத்தா உட்காரட்டுமா, அதையாவது போன் போட்டுச் சொல்.