காட்டன்வுட் ஏரிகளுக்குப் போகும் மகளுக்கு

சாக்ரமெண்டோ
ஜூலை 6

அன்புள்ள மகளுக்கு,

ஆகஸ்டில் தோழியோடு சியெரா நெவாடா மலைமேல் இருக்கும் காட்டன்வுட் ஏரிகளுக்குப் போவதாகவும், என் பழைய தூண்டிலை அனுப்பிவைக்கும்படியும் நீ தொலைபேசியில் கேட்டபோது, மகிழ்ச்சியில் எனக்குப் பேச்சே சரியாக வரவில்லை. சொல்லவேண்டியதை எல்லாம் எழுதிவிடலாம் என்று இன்று உட்கார்ந்திருக்கிறேன். அதில் முதலாவது, உன் சிறுவயதில் நான் சொல்லிக்கொடுத்த தவறு ஒன்றைத் திருத்துவது.

உனக்குப் பத்து வயதிருக்கும்போது அதே மலைத்தொடரின் லிட்டில் லேக்ஸ் பள்ளத்தாக்கில் கூடாரம் அடித்துத் தங்கினோம். சிக்கன்ஃபுட் ஏரியில் நீ பிடித்த முதல் மீன், குளிர்நீரில் வாழும் ட்ரௌட் வகைகளில் ஒன்றான ஒரு சின்ன புரூக் ட்ரௌட். தலை பெரிதாகவும் உடல் மெலிந்தும் இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாமா என்று நீ ஆசையோடு கேட்டதற்கு, "அது இந்த ஏரியின் சொந்தக்காரன், விட்டுவிடம்மா" என்று சொன்னேன். நீயும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு விட்டுவிட்டாய். அந்த மீன் அந்த ஏரிக்குச் சொந்தக்காரனே இல்லை என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது.

சியெரா நெவாடாவின் உச்சியில் இருக்கும் ஏரிகள் பனிப்பாறைகள் குடைந்த பள்ளங்கள். கீழேயிருந்து மீன் ஏறிவர முடியாதபடி அருவிகள் தடுத்ததால், அவற்றில் பெரும்பாலானவற்றில் முதலில் மீனே இருந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மனிதர்கள்தான் கோவேறு கழுதைகளில் தகரக் குடங்களைக் கட்டிக்கொண்டுபோய் மீன் விட்டார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு விமானத்திலிருந்தே குஞ்சுகளைக் கொட்டினார்கள். நீ பிடித்த புரூக் ட்ரௌட்டின் பூர்வீகம், இப்போது நீ குடியிருக்கும் பாஸ்டன் பக்கம். நீ இங்கிருந்து அங்கே போனாய், அது அங்கிருந்து இங்கே வந்தது. ஓடும் நீர் இல்லாமல், ஏரியடி ஊற்றுக்கண்களிலேயே முட்டையிட்டுப் பெருகிவிடக்கூடியது என்பதால், மூன்று மாதக் கோடையில் விளையும் இரை அத்தனை வாய்களுக்கும் போதாமல் போகிறது. அன்று நாம் பார்த்த பெரிய தலையும் மெலிந்த உடலும் அந்தப் பசியின் அடையாளம்.

இதில் அடிபட்டது ஒரு தவளை. மஞ்சள் கால் மலைத்தவளையின் தலைப்பிரட்டை தவளையாக மாற இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும் என்பதால், குளிர்காலத்தில் அடிவரை உறையாத ஆழமான ஏரிதான் அதற்கு வேண்டும். மனிதர்கள் மீன் விட்டதும் அதே ஏரிகளில்தான். மீன்கள் தின்றது போதாதென்று பிறகு ஒரு பூஞ்சை நோயும் சேர்ந்துகொள்ள, 2014ல் அதை அருகிவரும் இனமாக அறிவித்தார்கள். சில ஏரிகளில் வலைபோட்டு ட்ரௌட்டை முழுக்க எடுத்த பிறகு தவளைகள் மீண்டும் பெருகியிருக்கின்றன. ஆகையால் புரூக் ட்ரௌட் கிடைக்கும் ஏரிக்கு நீ போனால், விதி அனுமதிக்கும் எண்ணிக்கை வரை பிடித்துத் தின்பதில் பாவம் ஒன்றுமில்லை. அன்று உன்னை ஏமாற்றியதற்கு இதையே என் மன்னிப்பாக வைத்துக்கொள்.

காட்டன்வுட்டில் இருப்பது வேறு மீன்: கோல்டன் ட்ரௌட். வயிறு பொன்னிறம், பக்கவாட்டில் சிவப்புப் பட்டை. மற்ற ட்ரௌட்டுகளில் குஞ்சாக இருக்கும்போது மட்டுமே தெரியும் கரும்புள்ளி வரிசை இதற்கு வளர்ந்த பிறகும் பெரும்பாலும் மறைவதில்லை. கலிபோர்னியாவின் மாநில மீன் என்றாலும், இதுவும் அந்த ஏரிகளுக்கு வந்தேறியே. 1876ல் மலைக்கு அந்தப்பக்கம் முல்கி ஓடையிலிருந்து பதின்மூன்று மீன்களை ஒரு காப்பிப் பானையில் போட்டுக் கொண்டுவந்து காட்டன்வுட் ஓடையில் விட்டார்கள்; அவற்றின் வழிவந்தவைதான் பிறகு மேலே ஏரிகளுக்குப் போயின. தாமிரபரணிக் கரையில் மண்புழு கோத்துக் கெண்டை பிடித்து வளர்ந்த எனக்கு, இந்தக் காப்பிப் பானைக் கதை ஏனோ சலிப்பதே இல்லை. பூர்வீக ஓடைகளில் வேறு ட்ரௌட்டுகளோடு கலந்து கோல்டனின் தூய்மை கெட்டு வருவதால், இதைப் பிடித்தால் விட்டுவிடு. அங்கே சில ஏரிகளுக்குத் தனி விதிகளும் உண்டு. புறப்படும் முன் இந்த ஆண்டின் விதிப்புத்தகத்தைப் பார்த்துக்கொள். வெளிமாநிலத்தவருக்குப் பத்து நாள் உரிமம் கிடைக்கும்.

பிடிக்கும் விதத்தில் முக்கியமானது பொறுமையைவிடப் பதுங்கல். கண்ணாடி போன்ற நீரில் உன் நிழல் விழுந்தாலே மீன் கலைந்துவிடும் என்பதால், கரையிலிருந்து நாலு எட்டு பின்னால் மண்டியிட்டு, மீன் எந்தத் திசையில் ரோந்து வருகிறது என்று முதலில் கவனி. அது வரும் வழியில், அது வருவதற்கு முன்பே, ஈயை (தூண்டில் முள்ளில் பூச்சி போலக் கட்டிய போலி இரையை) போடு. காலையிலும் அந்தியிலும் மீன்கள் கரையோர ஆழமற்ற திட்டில் உலவும்; ஓடை வந்து சேரும் வாயும் ஏரி வழியும் வாயும் எப்போதும் நல்ல இடங்கள். நண்பகலில் காற்று கீழிருந்து எறும்புகளையும் வண்டுகளையும் அடித்துவந்து நீர்மேல் போடும்போது, கறுப்பு எறும்பு போலக் கட்டிய ஈ ஒன்று போதும். முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறடால் நசுக்கிவிடு, கையை நனைத்த பிறகே மீனைத் தொடு, செவுளில் விரல் படவேண்டாம்.

அடிவாரத்து ஊரான லோன் பைனிலிருந்து, நடைபாதை தொடங்கும் ஹார்ஸ்ஷூ மெடோஸுக்குச் சாலை ஒரே மூச்சில் ஏறக்குறைய 1,900 மீட்டர் ஏறிவிடும். அன்றைக்கே நடக்கத் தொடங்காதீர்கள். நான் ஒருமுறை அப்படிச் செய்து, இரவெல்லாம் தலைவலியும் வாந்தியுமாகக் கிடந்து, ஏரியைப் பார்க்காமலேயே இறங்கிவந்தேன்; உன் அம்மா அதை இன்றும் விருந்தினரிடம் சொல்லிக்காட்டுவாள். பாதை தொடங்கும் இடத்திலேயே ஓர் இரவு தூங்கிவிட்டு மறுநாள் சுமார் 9 கிலோமீட்டர் நடந்தால், லாங்லி சிகரத்தின் அடியில் 3,350 மீட்டர் உயரத்தில் இருப்பீர்கள். அங்கே தண்ணீர் 89 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் சோறு லேசில் வேகாது. அரிசியைத் தூக்கிக்கொண்டு போகாதே. அவலும், அம்மா வறுத்துத் தரும் உப்புமா ரவையும் போதும். புளிக்காய்ச்சல் வேண்டுமானால் எடுத்துக்கொள், ஆனால் அதன் மணம் நமக்கு மட்டும் பிடிப்பதில்லை. பற்பசை உட்பட மணக்கும் எல்லாவற்றையும் கரடி திறக்க முடியாத டப்பாவுக்குள் பூட்டிக் கூடாரத்துக்குத் தள்ளி வைக்கவேண்டும். விறகு மூட்டும் எண்ணம் வேண்டாம், கேஸ் அடுப்புதான். பிற்பகலில் மேகம் கறுத்தால், மீன் துள்ளிக்கொண்டிருந்தாலும் தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு ஏரிக்கரையை விட்டு விலகிவிடு. அந்த வெட்டவெளியில் மின்னலுக்கு எதிரே உயரமாக நிற்பது நீயும் அந்தக் கம்பும் மட்டுமே.

தூண்டிலை நாளை அஞ்சலில் சேர்க்கிறேன். நுனித் துண்டில் ஒரு வளையம் கழன்றிருந்ததால், உன் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூல் எடுத்துச் சுற்றி வார்னிஷ் பூசியிருக்கிறேன். இன்னும் சற்றுப் பிசுபிசுப்பாக இருக்கிறது. வந்து சேர்ந்ததும் இரண்டு நாள் உறையிலிருந்து வெளியே எடுத்து வை.

அன்புடன்,
அப்பா