விளக்குகளுடன் வந்த அண்ணனுக்கு எங்கள் நன்றி

எங்கள் குறும்படத்தில் நடித்தவர்களில் ஒருவர்கூட அதற்கு முன் கேமராவின் எதிரே நின்றதில்லை. அஞ்சலக ஊழியர், ஓய்வுபெற்ற ஆசிரியை, மளிகைக் கடைக்காரர் என்று கூடியிருந்த எங்களுக்கு, வாடகை விளக்குகளுடன் வந்த லைட்மேன் ஒருவர் செய்த உதவிக்கு வெளிப்படையாக நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். பெயர் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார்.

கிளாப் பலகை முகத்துக்கு நேரே அடிக்கப்பட்ட கணத்திலேயே எங்களுக்கு வசனம் மறந்துபோவதைக் கவனித்த அவர், பலகையைக் காட்சியின் முடிவில் தலைகீழாகப் பிடித்து அடித்தாலும் ஒலியையும் படத்தையும் பொருத்திவிடலாம் என்று இயக்குநரிடம் பணிவாக நினைவூட்டினார். கை நடுக்கம் தெரியாத தொலைவுக் காட்சிகளை முதலில் எடுத்துவிட்டு, பதற்றம் சற்றுத் தணிந்த பின் குளோசப்புக்கு வரலாம் என்பதும் அவருடைய யோசனைதான். ஆசிரியை அம்மாவிடம் ஒரு கட்டு முருங்கைக்கீரையைக் கொடுத்து, உருவிக்கொண்டே பேசச் சொன்னார். விரல்களுக்கு வேலை கிடைத்ததும் அவருடைய குரல் இயல்புக்கு வந்தது. (கீரையின் அளவு ஷாட்டுக்கு ஷாட் மாறாமல் பார்த்துக்கொள்வது பிறகு உதவி இயக்குநரின் தலைவலியானது.) நடிப்பவர் கண்ணில் படும்படி நின்று வேடிக்கை பார்த்தவர்களை விளக்குகளுக்குப் பின்னால் நகர்த்தியவரும் அவரே.

1948-இல் வெளியான 'பைசைக்கிள் தீவ்ஸ்' என்ற இத்தாலியப் படத்தில் நாயகனாக நடித்தவர் நிஜத்தில் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி என்று தேநீர் இடைவேளையில் அவர் சொன்னது, எந்த மூச்சுப் பயிற்சியையும்விட எங்களுக்குத் தெம்பளித்தது என்றே நினைக்கிறேன். அண்ணா, முதல் திரையிடலுக்கு நீங்கள் குடும்பத்தோடு வர வேண்டும்.