காரணம் தேடாதே, டாக்டரைப் பார்

அன்புள்ள முத்துவுக்கு,

போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே "சரிம்மா, பார்க்கலாம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். இப்போது உனக்கு நீளமாக எதையும் படிக்க ஓடாது என்று தெரியும். அதனால் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வாரத்துக்குள் ஒரு மனநல டாக்டரைப் போய்ப் பார். உனக்கு வந்திருப்பது மனச்சோர்வு, கூடவே பதற்றம் என்றுதான் எனக்குப் படுகிறது. இன்னதுதான் என்று உறுதியாகச் சொல்ல வேண்டியவர் டாக்டர். ஆனால் காட்டியே ஆகவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மீதியை முடிகிறபோது துண்டு துண்டாகப் படித்துக்கொள்.

கல்யாணத்துக்கு நீ ஊருக்கு வந்திருந்தபோது எல்லாரும், "பையன் இளைச்சுட்டான், பெங்களூர் சாப்பாடு ஒத்துக்கலை போல" என்றார்கள். நான் பார்த்தது வேறு. விடியற்காலை நான்கு மணிக்கு முன்பே எழுந்து பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தாய். பல் தேய்க்கப் போனவன் பிரஷ்ஷில் பேஸ்ட்டை வைத்துக்கொண்டு குழாயடியில் அப்படியே நின்றாய். வாளி நிரம்பித் தண்ணீர் உன் காலில் வழிந்தது, உனக்குத் தெரியவில்லை. காலையில் பேச்சே கிடையாது, விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் முகம் கொஞ்சம் தெளிந்தது. விடிவதற்கு வெகுநேரம் முன்பே விழிப்பு வருவது, பிறகு தூக்கம் பிடிக்காதது, காலையில் மோசமாகவும் மாலையில் கொஞ்சம் தேவலையாகவும் இருப்பது, இதெல்லாம் மனச்சோர்வில் நன்றாகத் தெரிந்த அடையாளங்கள்.

அந்த நேரம் நம் ஊரில் லட்சுமி அம்மாள் நினைவு ஹாக்கிப் போட்டி வேறு நடந்துகொண்டிருந்தது. கோவில்பட்டிப் பையன், பள்ளிக்கூடம் விட்டதும் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினவன். சித்தப்பா மகன் பைக்கை வாசலில் நிறுத்திக்கொண்டு உன்னைக் கூப்பிட்டான். "நீங்க போங்க" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாய். எனக்கு வயிற்றைக் கலக்கியது அப்போதுதான். பிடித்தது பிடிக்காமல் போவதுதான் அழுகையைவிடப் பெரிய அறிகுறி. மனச்சோர்வு வந்தவர்கள் எல்லாரும் அழுதுகொண்டே இருப்பதில்லை. பல பேருக்கு அழுகைகூட வராது.

அக்கா இன்னொன்றும் சொன்னாள். அவளிடம் கோபித்துக்கொள்ளாதே, பயந்துபோய்ச் சொன்னாள். ஒரு ராத்திரி நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, விரலெல்லாம் மரத்துப்போய், செத்துவிடுவோம் என்று ஆட்டோ பிடித்து எமர்ஜென்சிக்கு ஓடினாயாமே. ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், எல்லாம் நார்மல். வயிற்றில் கேஸ் என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இதயத்தைப் பார்த்தது சரி. அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அது பேனிக் அட்டாக் மாதிரிதான் தெரிகிறது. திடீரென்று வரும், பத்து நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போகும், பிறகு தானாகத் தணியும். அந்தப் பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்குகிறபோது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, அதனால்தான் விரல் மரக்கிறது, தலை கிறுகிறுக்கிறது. நீ கற்பனை பண்ணவில்லை. உடம்பில் நடப்பது நிஜம், ஆனால் அதனால் உயிர் போகாது. மறுபடியும் வந்துவிடுமோ என்று இடங்களைத் தவிர்க்க ஆரம்பிப்பதுதான் கெடுதல். மெட்ரோவில் ஏறுவதில்லை, மீட்டிங்கில் கேமராவைப் போடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். இப்படி ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே போனால் கடைசியில் அறையைவிட்டே வெளியே வர முடியாது.

இனி, நீ அக்காவிடம் சொன்னதற்கு வருகிறேன். "எனக்கு என்ன குறை? நல்ல சம்பளம், கடன் இல்லை, அப்பா அம்மா நல்லா இருக்காங்க. காரணமே இல்லாம இப்படி இருக்க வெட்கமா இருக்கு" என்றாயாம். ராசா, காரணம் கிடைத்தால்தான் நோய் என்று யார் சொன்னது? தைராய்டு வந்தவளிடம் போய், உனக்குத்தான் ஒரு குறையும் இல்லையே, ஏன் தைராய்டு வந்தது என்று கேட்போமா? சிலருக்கு ஒரு சாவு, ஒரு கடன், ஒரு பிரிவுக்குப் பிறகு வருகிறது. சிலருக்கு வெளியே சொல்லும்படி ஒன்றுமே இருக்காது. இரண்டுக்கும் சிகிச்சை உண்டு. அப்புறம், நான் உதவாக்கரை, எல்லாருக்கும் பாரம் என்று தோன்றுகிறதே, அது உன்னைப் பற்றிய உண்மை என்று நினைத்துவிடாதே. டாக்டர்கள் இந்த நோயைக் கண்டுபிடிக்கக் கேட்கிற கேள்விகளில் அதுவும் ஒன்று. ஒன்பது கேள்வி உள்ள ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள். கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம், பசி, அசதி, கவனம், ஆர்வம், குற்றவுணர்ச்சி எல்லாம் எப்படி என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை போடுவார்கள். மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் நன்றாக விசாரித்துப் பார்ப்பார்கள். அந்தப் படிவத்தில் உன் வாழ்க்கையில் என்ன குறை என்று ஒரு கேள்விகூடக் கிடையாது.

நான் கிராம சுகாதார செவிலியராக இருந்த வருஷங்களில் மனசு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் குறைவு. தலை பாரம், கை கால் குடைச்சல், நெஞ்சு எரிச்சல், அசதி என்று வருவார்கள், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றச் சொல்வார்கள். ஒரு பெண்ணுக்குப் பிரசவமாகி மூன்றாவது வாரம் வீடு தேடிப் போனேன். குழந்தை தொட்டிலில் கத்திக்கொண்டிருக்கிறது, அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். காற்று கருப்பு என்று வேப்பிலை அடித்து, கையில் தாயத்துக் கட்டியிருந்தார்கள். நான் மாமியாரிடம் சண்டை போடவில்லை. தாயத்து இருக்கட்டும் ஆத்தா, என்கூட தூத்துக்குடி பெரிய ஆஸ்பத்திரிக்கும் ஒரு நடை வாங்க என்று கூட்டிப் போனேன். மாத்திரை ஆரம்பித்துச் சில வாரங்களில், தடுப்பூசி போட அவளே குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். இதை உனக்கு ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. இது குணமாகிற நோய் என்று கண்ணால் பார்த்தவள் சொல்கிறேன்.

நம் வீட்டிலும் இருந்திருக்கிறது. அப்பாவைப் பெற்ற ஆச்சி இரண்டு முறை மாதக்கணக்கில் மூலையில் உட்கார்ந்துவிட்டார்கள், சாப்பாடு இல்லை, பேச்சு இல்லை. அந்தக் காலத்தில் யாரும் அதை வியாதி என்று நினைக்கவில்லை. குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று டாக்டர் கேட்பார். ஆச்சியைப் பற்றி மறைக்காமல் சொல். எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு, பணத்தை வாரி இறைத்த நாட்கள் உண்டா என்றும் கேட்பார். அப்படி இருந்திருந்தால் கொடுக்கிற மருந்தே வேறு, அதனால் யோசித்துப் பதில் சொல். தைராய்டு, ரத்த அளவு, பி12 பார்க்கச் சொன்னால் பார்த்துவிடு. தைராய்டு குறைந்தாலும் இதே மாதிரி சோர்வு வரும்.

யாரிடம் போவது? எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் எம்.டி., டி.பி.எம். மாதிரி மேல்படிப்புப் படித்தவர்தான் மருந்து எழுதுகிற மனநல மருத்துவர். பேச்சு சிகிச்சை தருகிறவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அவருக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு இருக்க வேண்டும். யூட்யூபில் தன்னம்பிக்கை பேசுகிறவர்கள் இந்த இரண்டிலும் சேர்த்தி இல்லை. நீ இருக்கிற ஊரிலேயே, ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் என்கிற மத்திய அரசு மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது. நாடு முழுவதிலுமிருந்து ரயிலேறி வருகிறார்கள் அங்கே. கூட்டத்தில் உட்கார முடியாது என்றால் வீட்டுப் பக்கத்தில் ஒரு நல்ல டாக்டரைப் பார், அதுவும் போதும்.

மருந்தைப் பற்றி உனக்குப் பயம் இருக்கும், அதனால் விரிவாகவே சொல்கிறேன். பெரும்பாலும் எஸ்சிட்டாலோபிராம், செர்ட்ராலின் வகையில் ஒன்றைச் சிறிய அளவில் ஆரம்பிப்பார்கள். முதல் வாரத்தில் குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு, கொஞ்சம் கூடுதலான படபடப்பு வரலாம், அநேகமாக அடங்கிவிடும். பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், நன்றாகத் தெரிய இன்னும் கூட ஆகும். நிறையப் பேர் இந்த இடைவெளியில்தான், இது நமக்குக் கேட்கவில்லை என்று நிறுத்திவிடுகிறார்கள். நீ நிறுத்தாதே. ஒரு மருந்து ஒத்துவராவிட்டால் வேறு மருந்து உண்டு. குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள், நிறுத்தும்போதும் அவர்கள் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். சட்டென்று விட்டால் தலைசுற்றலும் எரிச்சலும் வரும். இந்த மாத்திரைகளுக்குப் போதைப் பழக்கம் மாதிரி அடிமையாவது கிடையாது. அல்பிரசோலாம், குளோனசெபாம் வேறு வகை. உடனே படபடப்பைத் தணிக்கும், ஆனால் நாள்பட எடுத்தால் பழகிவிடும். டாக்டர் கொஞ்ச நாளைக்குக் கொடுத்தால் அந்த நாளோடு சரி. ரூம்மேட் வைத்திருக்கிறான், மெடிக்கலில் தெரிந்தவர் தருகிறார் என்று வாங்கிப் போடாதே. சொல்லக் கூச்சமான பக்கவிளைவும் சிலருக்கு வரும், அதை டாக்டரிடம் மறைக்காதே, அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை பீர் வேண்டாம். குடித்த ராத்திரி தூக்கம் வந்த மாதிரி இருக்கும், நடுச்சாமத்தில் எழுப்பிவிடும், மறுநாள் பதற்றம் இரட்டிப்பாகும்.

பேச்சு சிகிச்சையையும் தள்ளிவிடாதே. பதற்றத்துக்கு அது மருந்தளவுக்கே கேட்கிறது. எதைத் தவிர்க்கிறாயோ அதைச் சிறிது சிறிதாகச் சந்திக்கப் பழக்குவார்கள். முதலில் ஒரே ஒரு மெட்ரோ நிறுத்தம், அவ்வளவுதான்.

பெரியம்மா, "ஒரு கால்கட்டுப் போட்டுட்டா எல்லாம் சரியாயிரும்" என்று ஜாதகத்தோடு வந்தார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். கல்யாணம் இதற்கு மருந்து கிடையாது. ஒன்றும் தெரியாத ஒரு பெண்ணைக் கொண்டுவந்து இதற்குள் நிறுத்துவது அநியாயம், உனக்கும் அது பாரம்தான். நீ தெளிந்து, உனக்கே வேண்டும் என்று தோன்றும்போது பேசிக்கொள்ளலாம்.

இப்போது நேராகவே ஒன்று கேட்கிறேன். செத்துப்போகலாம், இல்லாமல் போய்விட்டால் தேவலை என்ற நினைப்பு வருகிறதா? கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிட்டது போல ஆகும் என்பார்கள், அது தப்பு. கேட்டால் சொல்கிறவனுக்குப் பாரம் இறங்கும். வருகிறது என்றால் என்னிடம் சொல். நான் அலற மாட்டேன், உன்னைத் திட்ட மாட்டேன். அந்த நேரம் தனியாக மட்டும் இருக்காதே. எனக்கோ அக்காவுக்கோ எந்த ராத்திரியிலும் போன் போடு. எங்களிடம் பேச வாய் வராவிட்டால் 14416 என்று போடு, டெலிமானஸ், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச எண், இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். நிலைமை கையை மீறுவதாகத் தோன்றினால் பக்கத்து ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கே போய்விடு. மருந்து ஆரம்பித்த முதல் சில வாரத்தில் அப்படிப்பட்ட எண்ணம் புதிதாக வந்தாலோ கூடினாலோ அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும். இருபத்தைந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத்தான் இந்த எச்சரிக்கை முக்கியமாக உண்டு, உனக்கு வயது தாண்டிவிட்டது, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

ஆபீஸுக்குத் தெரிந்துவிடுமோ என்று கவலைப்படாதே. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் உன் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க உனக்கு உரிமை இருக்கிறது. லீவு போடும்போது உடம்பு சரியில்லை என்று எழுது. பொய் இல்லை அது.

செண்பகவல்லி அம்மனுக்கு நான் வேண்டிக்கொண்டேன், அது என் பாடு. டோக்கன் போடுவது உன் பாடு. அதற்கும் கை வராவிட்டால் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல், ஓசூரிலிருந்து அவள் போட்டுத் தருவாள், கூடவும் வருவாள். நாள் தெரிந்தால் எனக்கு வாட்ஸ்அப்பில் நேரத்தை மட்டும் அனுப்பு. முதல் நாள் மைசூர் எக்ஸ்பிரஸ் பிடித்தால் காலையில் உன்னிடம் வந்துவிடுவேன், அப்பாவும் போகச் சொல்லிவிட்டார். உள்ளே நானும் வருவதா, வெளியே உட்காருவதா என்பதை நீ சொல்கிறபடி செய்கிறேன். அந்த ராத்திரி எடுத்த ஈசிஜி, ரத்தப் பரிசோதனைச் சீட்டு, இப்போது போடுகிற மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு கவரில் எடுத்து வை. எத்தனை நாளாகத் தூக்கம் கெட்டிருக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள், உள்ளே போனதும் மறந்துவிடும்.

அன்புடன்,
அம்மா