ஒரு அப்பா எடுத்த அளவு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த குழந்தை வளர்ச்சிக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முப்பது வருஷம் குழந்தைகளை எடை போட்டுப் பழகிய செவிலியர் நான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

குழந்தைகளை அளந்து ஆராயும் வேலையைத் தொடங்கியவர் பெல்ஜியத்தின் புள்ளியியல் அறிஞர் கெட்லே என்கிறார் கட்டுரையாளர். 1830களில் அவர் பச்சிளங்குழந்தைகளை அளந்து சராசரி கண்டது உண்மைதான். ஆனால் 1753-லேயே ஜெர்மானிய நகரமான கோட்டிங்கனில் ரோடரர் என்ற மகப்பேறு மருத்துவர் அந்த வேலையைச் செய்துவிட்டார். பிறந்த குழந்தை பன்னிரண்டு பவுண்டு இருக்கும் என்றெல்லாம் அதுவரை மருத்துவ நூல்களிலேயே எழுதி வைத்திருந்தார்கள். யாரும் தராசில் வைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ரோடரர் வைத்துப் பார்த்தார்; அதில் பாதிதான் வந்தது.

கட்டுரையில் பெயரே வராத இன்னொருவர் பிரான்ஸின் மோன்பெயார். 1759-ல் பிறந்த தன் மகனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று பதினெட்டு வயது வரை அளந்தார். நண்பர் புஃபோன் அந்தக் கணக்கைத் தன் இயற்கை வரலாற்று நூலில் சேர்த்து வெளியிட்டார். இன்றைய அளவில் சொன்னால், பிறக்கும்போது 51.4 செ.மீ., ஆறாம் மாதம் 65, ஒரு வயதில் 73. அதாவது முதல் ஆறு மாதத்தில் பதின்மூன்றரை செ.மீ.க்கு மேல் வளர்ந்த பிள்ளை அடுத்த ஆறு மாதத்தில் எட்டுதான் வளர்ந்திருக்கிறான். கவலைப்பட ஒன்றுமில்லை, எல்லாக் குழந்தைக்கும் வேகம் இப்படித்தான் குறையும். (பையன் பெரியவனான பிறகு, இரவு முழுக்க நடனமாடிவிட்டு வந்தால் உயரம் கொஞ்சம் குறைவதையும் படுத்து எழுந்தால் அது திரும்புவதையும்கூடக் குறித்து வைத்திருக்கிறார்கள்!)

கெட்லேயின் சராசரி பல குழந்தைகளை ஒரு தடவை அளந்து வந்தது. மோன்பெயாரின் கணக்கைப் புள்ளி வைத்து இணைத்தால் வரும் வளர்ச்சிக் கோடோ ஒரே குழந்தையைப் பல தடவை அளந்து வந்தது. வார்டில் எனக்கு உதவியது இரண்டாவதுதான். உலக சுகாதார நிறுவனம் 2006-ல் ஆறு நாடுகளின் குழந்தைகளை வைத்து வளர்ச்சி வரைபடம் வெளியிட்டபோதும், இரண்டு வயது வரைக்கான பகுதிக்கு அதே குழந்தைகளைத்தான் திரும்பத் திரும்பப் போய் அளந்தார்கள்.

அதனால்தான், ‘இந்த மாதத்தில் இந்த எடை’ என்று கட்டுரையோடு நீங்கள் போட்ட அட்டவணை எனக்கு ஒப்பவில்லை. ஆறு மாத ஆண் குழந்தை ஆறரைக் கிலோ இருந்தாலும் சரி, ஒன்பதரை இருந்தாலும் சரி, இரண்டுமே அந்த வரைபடத்தின் வரம்புக்குள்தான் வரும். போன மாதம் எங்கே இருந்தது, இப்போது எங்கே நிற்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். பிறந்த முதல் சில நாள் எடை கொஞ்சம் இறங்கி அப்புறம் ஏறும் என்பது அட்டவணையில் இல்லவே இல்லை. அது தெரியாமல், பால் போதவில்லை என்று அழுத தாய்மார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நீளம் அளப்பது எடையைவிடச் சிரமம். ஒருவர் குழந்தையின் தலையைப் பலகையோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் முழங்காலை மெல்ல அழுத்தி, பாதத்தில் நகரும் கட்டையைச் சேர்க்க வேண்டும். குழந்தை சும்மா இருக்குமா? காலை மடக்கும், வீறிடும். தனியாளாக டேப்பை வைத்து அளந்தால் ஒரு செ.மீ. எங்கேயாவது போய்விடும். அப்படி எடுத்த அளவை உங்கள் அட்டவணையோடு ஒப்பிட்டு எத்தனை பேர் பயந்திருப்பார்களோ!

அடுத்த இதழில் அந்த அட்டவணைக்குப் பதிலாக, பெற்றோர் மாதாமாதம் புள்ளி வைத்துக் கோடு இழுக்க வசதியாக ஒரு வளர்ச்சி வரைபடத்தை முழுப் பக்கத்தில் அச்சிடுங்கள். பக்கத்தில் ஒரு மூலையில் மோன்பெயார் மகனின் கோட்டையும் போட்டால் சந்தோஷப்படுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்